கணினிக்குள் விழும் பாட்டி

எலும்பின் கதை – 9

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் எலும்புப்புரை. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு இது என்று சென்ற வாரம் பார்த்தோம். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு எலும்பு உடையாதா? தாராளமாக உடைகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஆயிரக்கணக்கான முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். முதுகெலும்பை விட்டுவிட்டு மற்ற முறிவுகளைக் கணக்கெடுத்தபோது, பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவை கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு நேர்ந்தவை. ஆண்களில் நிலைமை இன்னும் மோசம்.

டெக்ஸா தருவது எலும்பின் நிழல். எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று அது சொல்லும். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று சொல்லாது. தாங்கும் பலமோ அந்த அடுக்கையும் பொறுத்தது. இதைப் பளிச்சென்று கண்டுகொண்டவர் ஒரு பொறியாளர். 1866-ல் சூரிச்சில் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மேயர், தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துக் காட்டினார். பஞ்சு போன்ற உட்பகுதியில் மெல்லிய எலும்பிழைகள் வளைந்து வளைந்து ஓடின. பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் கார்ல் குல்மானுக்கு அது தான் வரைந்த கிரேனின் விசைக்கோடுகளாகவே தெரிந்தது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை 1892-ல் பெர்லினில் ஜூலியஸ் வொல்ஃப் விதியாகவே எழுதினார். விதிக்கு வொல்ஃப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரேன்காரரை மருத்துவ மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பாலத்தையும் விமானச் சிறகையும் சோதித்துவந்த ஃபைனைட் எலிமென்ட் கணக்குமுறை, 1970-களில் எலும்புக்கும் வந்து சேர்ந்தது. இன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் இத்தாலியின் பொலோன்யாவிலும் இதை வைத்து பிஎச்.டி. செய்கிறார்கள். மாணவரின் ஆரம்ப நாட்கள் மவுஸைப் பிடித்தபடியே கழியும். சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் தொடை எலும்பின் விளிம்பைக் குறிக்க வேண்டும். தண்டுப்பகுதி சுலபம். உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் உட்காரும் இடத்தில்தான் வில்லங்கம். இரண்டுக்கும் நடுவிலுள்ள குருத்தெலும்பு சி.டி.யில் சரியாகத் தெரியாது; மூட்டு தேய்ந்த பாட்டிகளுக்கு இடைவெளியே இருக்காது. மென்பொருள் இரண்டு எலும்பையும் ஒன்றாக்கிவிடும், இவர் உட்கார்ந்து கையால் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்த வடிவத்தைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாக்குகிறார்கள். அந்தந்த இடத்தில் ஸ்கேன் காட்டும் சாம்பல் நிறத்தின் அழுத்தத்திலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து விறைப்பு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பு. பிறகு பாட்டியை விழ வைக்கிறார்கள். இடுப்பு முறிவுகளில் பத்துக்கு ஒன்பது, விழுவதால் வருபவை. அதிலும் பக்கவாட்டில் விழுந்தால் ஆபத்து அதிகம். தொடையின் வெளிப்பக்க முண்டு தரையில் படும்படி வைத்து விசையை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடம் முதலில் தாங்காமல் போகிறது என்று பார்க்கிறார்கள். கோணத்தை மாற்றி மறுபடி, மறுபடி.

கணினி சொல்வதை எதை வைத்து நம்புவது? நிஜ எலும்பை உடைத்துத்தான். 1990-களில் பாஸ்டனில், இறந்தவர்களின் தொடை எலும்புகளைப் பக்கவாட்டில் விழும் நிலையில் இயந்திரத்தில் பொருத்தி அழுத்தினார்கள். முதியவர்களுடையது சராசரியாக 3,400 நியூட்டன் விசையில் முறிந்தது. இளையவர்களுடையது அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கியது. இப்படிப்பட்ட எலும்புகள் கிடைப்பதே அரிது. கிடைத்ததையும் ஒருமுறைதான் உடைக்க முடியும்.

ஷெஃபீல்டு குழு, மாதவிடாய் நின்ற 98 பெண்களின் ஸ்கேன்களில் தங்கள் கணினி மாதிரியைச் சோதித்தது. பாதிப் பேர் இடுப்பு முறிந்தவர்கள். மீதிப் பேர் வயதிலும் உயரத்திலும் எடையிலும் அவர்களுக்கு இணையானவர்கள். யார் எந்தப் பக்கம் என்பதை மாதிரி டெக்ஸாவைவிடச் சரியாகப் பிரித்தது. ஆனால், கொஞ்சம்தான். போதாததற்கு, அவை முறிவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேன்கள். நடந்து முடிந்ததைக் கண்டுபிடிப்பதும் நடக்கப்போவதைச் சொல்வதும் ஒன்றாகாது.

எலும்பு மாதிரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எலும்பின் பலம் கணக்கில் ஒரு பாதி, விழும் அடி மறு பாதி. அந்த மறு பாதியைத்தான் வெகுகாலம் யாரும் சரியாகத் தொடவில்லை. அதே ஷெஃபீல்டிலிருந்து 2008-ல் வந்த ஃப்ராக்ஸ் கணிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, எடை, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா என்பதுவரை கேட்டுவிட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பைச் சொல்லும். சமீபத்தில் கீழே விழுந்தீர்களா என்று மட்டும் அன்று அது கேட்கவில்லை!

இப்போது ஆய்வு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரே பெண்ணைக் கணினியில் விதவிதமாக, திரும்பத் திரும்ப விழ வைத்து, எத்தனை தடவை முறிகிறது என்று எண்ணுகிறார்கள். உயரம், எடை, தொடைச் சதையின் தடிமன் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. இதில் குண்டானவர்களுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. அது அடுத்த வாரம்.