வீட்டுக் கணினி – 9: அணையாத சிவப்பு விளக்கு

தறியில் டிசைனை இயக்கும் ஜக்கார்டு துளையட்டையில் தொடங்கி, 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் துளையட்டைகளை ஓட்டியதில் போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் தூசியும் சூடும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து இந்த விவகாரம் வந்துவிட்டது.

கூடத்தில் தறிக்குழி, ஒட்டிய அறையில் சிஸ்டம். அப்பா பட்டு நெய்கிறார். மகள் புடவைக்கு டிசைன் வரைகிறாள், கல்லூரி விண்ணப்பமும் அதிலேயே போடுகிறாள். “டைப் பண்றப்ப ஒண்ணும் இல்ல சார். நெட்ல நாலு டேப் தொறந்தா போதும், அப்படியே ஸ்டக் ஆயிடுது” என்றாள். கடையில் ஃபார்மட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சில நாள் ஓடி, பழையபடி நின்றிருக்கிறது.

இணையத்தில் மட்டும் நிற்கிறது என்பதுதான் இங்கே துப்பு. அடுத்த முறை நின்றபோது பவர் பட்டனைத் தொடாதே என்றேன். மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு தாமதமாகவேனும் எரிந்தது. ஆக, உயிர் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் இருந்த ஹார்டு டிஸ்க்கின் சிவப்பு விளக்கோ, சிமிட்டாமல் ஒரே மூச்சில் எரிந்தது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். டிஸ்க் 100 சதவீதம். மெமரி நிரம்பி வழிகிறது. மொத்தமே 4 ஜிபி ராம். அதில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது.

ராம் நிரம்பினால் கணினி அதோடு நின்றுவிடுவதில்லை. இப்போதைக்கு வேண்டாத தகவல்களை, ‘பக்கங்கள்’ என்ற சிறு துண்டுகளாக, ஹார்டு டிஸ்க்கில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது இந்த ஏற்பாடுதான். இது 1962 டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் என்ற கணினியில் பிறந்தது. டாம் கில்பர்னும் அவருடைய குழுவும் செய்தது. அதன் வேகமான நினைவகம் இன்றைய கணக்கில் 100 கேபிகூட இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு புடவைப் படம் அதற்குள் அடங்குவதே சந்தேகம். கூடவே, சுழலும் காந்த உருளை ஒன்றில் அதைப்போல ஆறு மடங்கு இடம். இரண்டையும் ஒரே நினைவகமாகக் காட்டினார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று கவனித்து, அடுத்து எதை உருளைக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்ய ஒரு நிரலே இருந்தது. அந்தக் காலத்திலேயே அதைக் ‘கற்கும் நிரல்’ என்றார்கள்! எத்தனை அழகான யோசனை.

ஆனால் அளவு மீறினால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். நெய்கிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஊடை நூல் சுற்றிய தார்களை வைத்திருப்பார். ஒவ்வொரு தாருக்கும் குழியைவிட்டு ஏறி அடுத்த தெருவுக்குப் போய்வர வேண்டுமென்றால் புடவை வளருமா? ராமிலிருந்து ஒரு தகவலை எடுப்பதைவிட, சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு நேரமாகிறது.

1960களில் பெரிய கணினிகளே இப்படித் திடீர் திடீரென்று முடங்கின. காரணத்தை 1968-ல் பீட்டர் டென்னிங் ஒரு கட்டுரையில் விளக்கினார். பக்கங்கள் வந்துசேரும்வரை பிராசசர் சும்மா இருக்கும். வேலை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இயங்குதளம் இன்னொரு நிரலையும் உள்ளே விடும். நெரிசல் கூடும், பிராசசர் மேலும் சும்மா இருக்கும், மேலும் ஒன்று உள்ளே வரும். ஒரு வேலைக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே தேவைப்படும் பக்கங்களுக்கு ராமில் இடம் இருந்தால்தான் அதை ஓடவிட வேண்டும் என்றார். ஆரணி வீட்டில் நடந்ததும் இந்த முடக்கம்தான். 2008-ல் குரோம் வந்ததிலிருந்து டேப்கள் தனித்தனி நிரல்போல ஓடுகின்றன. ஒன்று கவிழ்ந்தால் மற்றவை பிழைக்கும். அதற்கு விலையாக மெமரி அதிகம் போகும். ஃபார்மட் அடித்தால் ராம் வளராது. அதற்குச் செலவழித்த பணம் வீண்.

குரோமில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். வேண்டாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கினோம். செட்டிங்ஸில் மெமரி சேவரைப் போட்டோம். உடனே ஓரளவு மூச்சு வந்தது. நிரந்தரத் தீர்வு இன்னொரு 4 ஜிபி ராம். முடிந்தால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி. வாங்கும் முன் உங்கள் மதர்போர்டுக்கு டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

கேப்ஸ் லாக் விளக்கே அசையாமல், மவுஸும் செத்துப்போனால் கதை வேறு. பழுதான ராம், சூடு, மின்சாரம், தறிவீட்டுப் பட்டுத் தூசு அடைத்த விசிறி என்று போகும். அது அடுத்த வாரம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். சிவப்பு விளக்கு ஓயாமல் எரிகிறது, மெமரியோ நிரம்பவில்லை, உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தமும் கேட்கிறது என்றால், ஹார்டு டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். வேறு எதையும் சோதிக்கும் முன் டிசைன் ஃபைல்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் எடுத்துவைத்துவிடுங்கள்.