எண்ணெய் படிந்த கரையும் வாளி ஏந்திய கைகளும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையில் நீங்கள் போயிருக்கிறீர்களா? மெரினாவில் உள்ளதைப் போன்ற அகன்ற மணல்வெளியை அங்கே காண முடியாது. சாலையோரம் நெடுகக் கருங்கற்கள் குவிந்திருக்கும். அலைகள் அந்தக் கற்களின் மீதே வந்து மோதும்.

இக்கரை எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமானதன்று. வலை உலர்த்தும் மீனவருக்கும், மாலையில் காற்று வாங்க வருவோருக்கும், முட்டையிட வரும் கடலாமைக்கும் அது பொதுவானது. அந்தப் பொது இடத்துக்குப் பெருங்கேடு நேர்ந்தபோது நூற்றுக்கணக்கானோர் தாமாகவே ஓடி வந்தார்கள். அவர்கள் செய்த வேலையையும், அதற்குள் அடங்கியிருக்கும் அறிவியலையும் இப்போது பார்ப்போம்.

விடியற்காலையில் ஒரு மோதல்

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றொன்று உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்'. பின்னதிலிருந்து, கப்பல் எந்திரத்தை ஓட்டப் பயன்படும் கனமான எரியெண்ணெய் கடலில் கொட்டியது. அதன் அளவு சுமார் 196 டன் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

மோதல் நடந்தது எண்ணூருக்கு வடக்கே. ஆனால் எண்ணெய் பெருமளவில் ஒதுங்கியதோ தெற்கே, திருவொற்றியூரை ஒட்டிய எர்ணாவூர் கரையில்! ஏன்?

காரணங்கள் இரண்டு. முதலாவது, பருவகாலம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்லும். ஜனவரியில் மிதந்த எண்ணெயும் அதே திசையில் சென்றது. இரண்டாவது காரணம் நூறாண்டுக்கும் மேல் பழையது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் நம் கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் அதன் சுவர்கள் இந்த மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மணல் வரத்துக் குறைந்து, கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல் சுவர்களையும் அமைத்தார்கள். அந்தச் சுவர்களின் மூலைகளில்தான் மிதந்து வந்த எண்ணெய் சிக்கிக்கொண்டது.

எண்ணெய் 'வெண்ணெய்' ஆன கதை

அந்த நாட்களில் வெளியான படங்களில் இளைஞர்கள் வாளி வாளியாகக் கரிய குழம்பை அள்ளிக் கைமாற்றிக் கொடுப்பதைக் காணலாம். 'இந்தக் காலத்தில் வாளியா?' என்று பலர் கேலி செய்தார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளும் வரவழைக்கப்படத்தான் செய்தன. ஆனால் குழம்பின் கெட்டித் தன்மையால் குழாய்கள் அடைத்துக்கொண்டன. எண்ணெய் ஏன் இப்படிக் கெட்டியாகிறது?

விடை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. வெண்ணெயை வாணலியில் இட்டு உருக்கினால் சடசடவென்று பொரிகிறதல்லவா? அது வெண்ணெய்க்குள் நுண்துளிகளாக ஒளிந்திருந்த நீர் வெளியேறும் ஓசை. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர்தான். கொழுப்புக்குள் நீர் சிறைப்பட்டிருக்கும் இத்தகைய கலவையைப் பால்மம் என்பர்.

கடலிலும் இதுவே நிகழ்கிறது. அலைகள் மத்துப் போலக் கடையக் கடைய, கன எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் புகுந்துவிடுகின்றன. எண்ணெயிலுள்ள பிசின் போன்ற பொருள்கள் அத்துளிகளைச் சுற்றிப் படலமாகி, அவை ஒன்றுசேராமல் தடுக்கின்றன. இப்படி உண்டாகும் பால்மத்தில் நான்கில் மூன்று பங்குகூட நீராக இருக்கலாம். அப்படியானால் 100 லிட்டர் எண்ணெய் 400 லிட்டர் குழம்பாகிவிடும்! 15 லிட்டர் வாளியால் அள்ளினால் எத்தனை வாளி என்று நீங்களே கணக்கிடுங்கள். இத்துடன் மணலும் குப்பையும் சேரும். பாறை இடுக்கில் கிடக்கும் இத்தகைய குழம்பை அள்ள மனிதக் கையும் வாளியும் ஏற்ற கருவிகளே. ஆனால் கைக்கு உறை வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் நாட்களில் மீனவர்களும் மாணவர்களும் பலர் வெறுங்கையோடு, முகமூடியின்றி இறங்கினார்கள். கன எண்ணெயில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. இவற்றுள் சில புற்றுநோயைத் தூண்டக் கூடியவை. எண்ணெய் தோலில் பட்டால் எரிச்சல் உண்டாகும். ஆவியைச் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும். உதவ வந்தவர் நோயாளியாகத் திரும்பலாமா? ரப்பர் காலணி, கையுறை, முகமூடி, குறித்த நேரத்துக்கொரு முறை ஓய்வு ஆகியவை வாளிக்கு முன்னதாகவே கரைக்கு வந்து சேர வேண்டும்.

உதவியே கெடுதலாகலாம்

1967இல் 'டாரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதியது. கரையைச் சுத்தப்படுத்துவதாக எண்ணி, சலவைப் பொருள் போன்ற இரசாயனங்களைப் பெருமளவில் கொட்டினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய உயிர்களையும் அந்த இரசாயனம் கொன்றது. பாறையில் ஒட்டி வாழ்ந்து பாசியை மேயும் சிறு நத்தைகள் மடிந்தன; மேய ஆளின்றிப் பாசி மண்டியது. அந்தப் பாறைகள் பழைய நிலைக்குத் திரும்பப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. எண்ணெய் மட்டும் பட்ட இடங்களோ சில ஆண்டுகளிலேயே தேறிவிட்டன.

2007 டிசம்பரில் தென் கொரியாவின் தேயான் கரையில் 'ஹெபெய் ஸ்பிரிட்' கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து, கற்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார்கள். பொறுமையான கைகளால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் எல்லாக் கரைக்கும் ஒரே முறை பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் படகுகளில் சென்று அதை அள்ளினார்கள். இங்கே எண்ணெய் பட்டது பாறையில் மட்டுமன்று. அலையாத்தி மரங்கள் நிற்கும் சேற்றிலும் பட்டது. சேற்றில் கூட்டமாக இறங்கினால் காலடிகளே எண்ணெயை ஆழத்துக்கு மிதித்துவிடும். அங்கு நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் மிகக் குறைவு. எனவே அது நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். கல்லுக்கும் மணலுக்கும் பல கைகள் வேண்டும். சேற்றுக்கோ பயிற்சி பெற்ற சிலரும் படகும் போதும்.

நீங்கள் செய்யக்கூடியது

கடலில் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படையினுடையது. கரையைச் சுத்தப்படுத்துவது மாநில அரசின் பொறுப்பு. தன்னார்வலர் அவர்களுக்குத் துணையே அன்றி மாற்று அன்று. எனவே பள்ளி மாணவர்களாகிய நீங்கள் எண்ணெய்க்குள் இறங்க வேண்டாம். உங்களுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. அது விபத்துக்கு முன்பே செய்ய வேண்டியது.

கேடு நேர்ந்தபின் 'எவ்வளவு இழந்தோம்?' என்ற கேள்வி எழும். மீனவருக்குரிய இழப்பீடும் இதற்கான விடையைப் பொறுத்தது. முன்பு என்ன இருந்தது என்பது தெரியாவிட்டால் எப்படி விடை சொல்வது? சென்னையின் தென் கரையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988 முதல், முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளைத் தேடிக் கணக்கெடுக்கிறது. இத்தகைய பதிவேடு பெரிய செல்வம்.

நீங்களும் ஆசிரியரின் துணையோடு உங்கள் ஊரின் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு குச்சிகளும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமையுங்கள். மாதந்தோறும் அதே இடத்தில் நண்டு வளைகளை, அல்லது நத்தைகளை எண்ணுங்கள். நாள், நேரம், கடல் என்றால் அலையேற்றமா இறக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் உங்கள் குறிப்பேட்டில் பன்னிரண்டு வரிகள் இருக்கும். உங்கள் கரையைப் பற்றி யாரேனும் கேட்கும் நாளில், ஊகமாக அல்ல, எண்ணிக்கையோடு பதில் சொல்ல அந்தப் பன்னிரண்டு வரிகள் உதவும்.