நாயின் முழங்கையில் ஆர்த்ரோஸ்கோபி: பார்க்கப் போகும் கருவியே மூட்டை நகர்த்துமா?

பண்டமாரானில் லேப்ரடோர், ரோட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறீர்களா? ஆறேழு மாதக் குட்டி முன்னங்காலை நொண்டினால், "மொசைக் தரையில வழுக்கியிருக்கும், சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பெரிய இன நாய்களுக்கு இந்த வயதில் வரும் நொண்டலுக்கு முக்கியக் காரணம் எல்போ டிஸ்பிளேசியா, அதாவது முழங்கை மூட்டு வளர்ச்சிக் குறைபாடு.

நாய்க்கு முழங்கையா? ஆமாம், முன்னங்காலில் நெஞ்சுக்குப் பக்கத்தில் பின்னோக்கித் துருத்தி நிற்கும் இடம்தான். மேலே ஹியூமரஸ், கீழே ரேடியஸ், அல்னா என மூன்று எலும்புகள் அங்கே சேர்கின்றன. கீழே உள்ள இரண்டும் சமமாக வளர வேண்டும். ரேடியஸ் கொஞ்சம் குட்டையாக நின்றுவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு படி உருவாகும். பாரம் அல்னாவின் உள்பக்க முனையில் விழ, அது விரிசல் விடும், சில சமயம் துண்டாகவே உடையும்.

அந்தத் துண்டைப் பார்க்கவும் எடுக்கவும் ஆர்த்ரோஸ்கோபி அருமையான வழி. சின்னத் துளை, சின்ன கேமரா. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் படியின் உயரம் பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். உள்ளே போகும் கருவியின் தடிமனும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்! அதோடு மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்துகிறார்கள், இடைவெளி திறக்கக் காலை வெளிப்பக்கமாக வளைக்கிறார்கள். மயக்கத்தில் தசைகளும் தளர்ந்திருக்கும், காலில் எடையும் இல்லை. அப்போது கேமராவில் தெரிவது, நாய் நிற்கும்போது இருக்கும் மூட்டு அல்ல. இறந்த நாய்களின் கால்களில் கருவியை நுழைத்து சிடி ஸ்கேன் எடுத்த ஆய்வும் எலும்புகளின் பொருத்தம் மாறுவதைக் காட்டியது.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். படி பெரிதாக இருந்தால் அல்னாவை வெட்டிச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை டாக்டர் யோசிப்பார். அளவு தப்பினால், தேவையில்லாமல் எலும்பை வெட்ட நேரலாம், அல்லது வெட்ட வேண்டியதை விட்டுவிடலாம். ஆகவே, "ஆர்த்ரோஸ்கோபிக்கு முன்னாடியே சிடி எடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. போகுமுன் உங்கள் கிளினிக் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, என்ன வசதி, எவ்வளவு கட்டணம் என்று போனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவியால் வரும் இந்த நகர்வு தற்காலிகமானதுதான். ஆனால் துண்டை எடுத்துவிட்டால் படி சமமாகிவிடாது, மூட்டுத் தேய்மானமும் அப்படியே நின்றுவிடாது. உடல் எடையைக் குறைவாக வைத்திருப்பது சிகிச்சையில் பாதி. மிச்ச ரொட்டி சானாயை நாய்க்குப் போடும் தாத்தாவிடம் இதை யார் சொல்வது என்பதுதான் கஷ்டம்.