சிரிப்பு வரமாட்டேங்குது!

சின்ன வயசில் எங்கள் தாம்பரம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எஸ்.வி.சேகரின் 'மகாபாரதத்தில் மங்காத்தா' கேசட்தான். அடுத்த வசனத்தை அப்பா முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார்.

2018-ல் பெண் நிருபர்களை இழிவுபடுத்திய பதிவு ஒன்றை அவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2024-ல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாத சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்க, 2025-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

என் தங்கையும் நிருபர்தான். ராத்திரி பத்து மணி ரயிலில் வந்து இறங்குகிறவள். போன வாரம் அப்பா செல்போனில் அதே நாடகத்தைப் போட்டார். தங்கை பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வசனமெல்லாம் எனக்கு இப்பவும் மனப்பாடம். ஆனா அந்தக் குரலைக் கேட்டாலே பதிவுதான் ஞாபகம் வருது. "என்னம்மா, சிரிக்கவே மாட்டேங்குற?" என்கிறார் அப்பா. அவரிடம் எப்படிச் சொல்வது தோழிகளே?

- ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.