உறங்கும் சில்லு

தொலைக்காட்சியின் தொலையியக்கி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. பொத்தான் அழுத்தப்படும் வரை அதனுள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி உறங்குவதால்தான் மின்கலம் பல மாதங்கள் நீடிக்கிறது. ஏடிமெகா328பி என்னும் சில்லு, 1.8 வோல்ட்டில் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும்போது 0.2 மில்லியாம்பியர் மின்னோட்டம் பெறும். ஆழ்ந்த உறக்கத்தில் 0.1 மைக்ரோஆம்பியரே போதும். அதாவது, 2000இல் ஒரு பங்கு!

ஆயினும், உறங்குமாறு கட்டளையிடுவதால் மட்டும் இச்சிக்கனம் கைகூடாது. மின்னழுத்தத் தாழ்வைக் கண்காணிக்கும் உட்சுற்றை அணைக்காவிட்டால், அது ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியரை உறிஞ்சும். உறங்கும் சில்லின் தேவையைப்போல் இது 200 மடங்கு. இணைப்பின்றி விடப்பட்ட உள்ளீட்டு முனைகளோ கண்ணுக்குத் தெரியாத கள்வர்கள். அவற்றின் மின்னழுத்தம் உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடையே அலைந்து மின்னோட்டத்தை வீணாக்கும். உள்ளமைந்த மின்தடையைக் கொண்டு அவற்றை உயர்நிலையில் நிறுத்திவிடலாம். சில்லுக்கு வெளியே, மின்சுற்றுப் பலகையில் எரியும் சிறு காட்டி விளக்குக்கே சில மில்லியாம்பியர் செலவாகக்கூடும்.