வேற்காட்டில் தொடங்கட்டும் கூவம் மீட்பு!

ஆடி ஞாயிறு என்றால் வேலப்பன்சாவடித் திருப்பத்தில் வண்டி நகராது. மஞ்சள் சேலைகளும் வேப்பிலைக் கட்டுகளும் எலுமிச்சை மாலைகளுமாகத் திருவேற்காட்டுக் கருமாரியம்மனைப் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கூட்டம் ஓர் ஆற்றையும் கடந்துதான் போகிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. திருவேற்காட்டின் பெருமையை எழுத உட்கார்ந்தால் அந்த ஆற்றை எழுதாமல் முடியவில்லை.

கருமாரியின் புகழ் ஊரறிந்தது. சற்றே உள்ளே தள்ளியிருக்கும் வேதபுரீசுவரர் கோயிலோ திருஞானசம்பந்தர் பாடிய தலம். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சிவனும் பார்வதியும் மணக்கோலத்தில் காட்சி தருகிறார்கள். கயிலைத் திருமணத்தை அகத்தியர் இங்கே கண்டார் என்கிறது தல வரலாறு. தல மரம் வெள்வேல்.

அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். அடியாருக்கு அன்னமிட்ட பிறகே தாம் உண்பது அவர் வழக்கம். சொத்தெல்லாம் சோறாகிக் கரைந்ததும் தமக்குத் தெரிந்த சூதாட்டத்தைக் கையில் எடுத்தார். தோற்றவன் பணம் தர மறுத்தால் சுரிகையை உருவினார். ஜெயித்த காசைத் தாம் வைத்துக்கொள்ளாமல் அடியார் பந்திக்கே அனுப்பினார்.

இந்த நாயனாரின் கதையைத் தொடங்கும் சேக்கிழார், எடுத்த எடுப்பிலேயே வயலையும் ஆற்றையும் காட்டுகிறார். அலையடிக்கும் பாலி நதிக்கு வடக்கே இருக்கும் ஊர் என்று அடையாளம் சொல்கிறார். அன்னங்கள் குடைந்தாடும் வாவிகளும் அவர் பாட்டில் வருகின்றன. சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு ஆறுதான் முகவரி! பாலி என்றால் பாலாறு. அது ஒரு காலத்தில் இந்தத் திசையில் ஓடியது என்று நிலவியலாளர்களும் சொல்கிறார்கள். இன்று அந்த இடத்தில் ஓடுவது கூவம்.

ஒரே ஆற்றங்கரையில் இத்தனை ஊர்கள்

சென்னைக்காரர்களுக்குக் கூவம் என்றால் சேத்துப்பட்டும் சிந்தாதிரிப்பேட்டையும்தான். சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் அது கடைசித் துண்டு. சோழ இளவரசன் ராஜாதித்தன் 949இல் போரில் மாண்ட தக்கோலத்துக்கு அருகே, கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிகிறது. வழியில் கூவம் என்ற ஊரிலேயே திருவிற்கோலம் இருக்கிறது. அதுவும் சம்பந்தர் பாடிய தலம். அங்கே மழை வரும் முன்பு லிங்கத்தில் வெண்மையும், போர் வரும் முன்பு செம்மையும் படரும் என்பது மக்களின் நம்பிக்கை. பிறகு திருமழிசையாழ்வாரின் திருமழிசை. அடுத்து, திருக்கச்சி நம்பியின் பூந்தமல்லி. தம் நந்தவனத்துப் பூவைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனவர் அவர். அதற்கடுத்து வேற்காடு. பூத்த நந்தவனமும் நிறைந்த வாவியும் இந்த ஆற்று நீரின் ஈரத்தில் வந்தவை.

மேலே எடுக்கிறோம், கீழே கொட்டுகிறோம்

அந்த ஈரம் எங்கே போனது? பாதி விடை நம் வீட்டுக் குழாயில் இருக்கிறது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு கொசஸ்தலையாற்று நீர் சென்னையின் குடிநீருக்காக அந்தப் பக்கமே போகிறது. கேசாவரத்தில் கூவத்துக்குக் கிடைப்பது குறைந்தது. தப்பி வருகிற மழைநீரையும் திருமழிசைக்கு அருகே கொரட்டூர் அணைக்கட்டில் மறித்து, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறோம். நகரத்தின் தாகம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் நீரை இழந்த ஆறு, அதற்குப் பிறகு சந்திப்பது எதை?

ஆவடி, பருத்திப்பட்டு, காடுவெட்டி, பூந்தமல்லி, திருவேற்காடு, அயனம்பாக்கம் என்று வரிசையாக வீடுகள். குழாய் இணைப்பு எட்டாத அடுக்குமாடிகளின் கழிவு, மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. ஏரிகளின் உபரிநீர் வர வேண்டிய வாய்க்கால் சாக்கடையாகிறது. போதாததற்கு, இருட்டியதும் கழிவுநீர் லாரிகள் பாலத்தோரம் வந்து குழாயைத் திறந்துவிடுகின்றன. நல்ல தண்ணீர் வராத ஆற்றில் இந்தக் கழிவை நீர்க்கச் செய்ய எதுவுமே இல்லை. கூவம் கூவமாவது சென்னை மாநகருக்குள் அல்ல, இந்த ஊர்களில்தான்.

அதே ஆறு ஐப்பசி, கார்த்திகையில் பெருகும்போது தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. 2015லும் 2023லும் டிசம்பர் மழையில் இந்தப் புறநகர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. கரை குறுகக் குறுக, வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது.

கைக்கு எட்டும் விலையில் சொந்த வீடு கிடைத்தது இந்தப் பக்கத்தில்தான், மெட்ரோவும் பூந்தமல்லிக்கு வருகிறது, வளர்ச்சியைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மனை வாங்கியவருக்கும் கிணறு வேண்டும், மழைக்கு வடிகால் வேண்டும். இரண்டையும் தர வேண்டியது ஆறுதான்.

தலைகீழாகச் செய்த வேலை

கூவத்தைச் சுத்தம் செய்ய 1967இல் திட்டம் தொடங்கி, 1973இல் நகருக்குள் படகுகூட விட்டார்கள். நிலைக்கவில்லை. அதன் பிறகும் திட்டங்கள் வந்தன. பணமும் பேச்சும் பெரும்பாலும் நகரப் பகுதியைச் சுற்றியே நின்றன. மேல்படியில் குடம் ஒழுகிக்கொண்டிருக்க, கீழ்ப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் காயுமா?

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கேசாவரத்திலும் கொரட்டூரிலும் பருவமழைக் காலத்தில் ஒரு பங்கு நீரை ஆற்றுக்கென்றே ஒதுக்கி விட வேண்டும். ஆவடியிலிருந்து மதுரவாயல் வரை இரு கரையையும் அளந்து கல் நட வேண்டும். பெரிய குடியிருப்புகளின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் கால்வாயைத் தொடக்கூடாது. பாலங்களில் இரவுக் கண்காணிப்பு வேண்டும், பிடிபடும் லாரியின் உரிமம் அன்றே ரத்தாக வேண்டும். இவற்றில் ஒன்றுக்குக்கூடப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துகிறோம். அதற்கு ஊரே கைகொடுக்கிறது, வெளியூரிலிருந்தும் காணிக்கை வருகிறது. அந்த அக்கறையில் ஒரு பகுதி ஆற்றுக்கும் வேண்டும். அடுத்து எப்போது கூவம் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், அதன் முதல் ரூபாய் நகரத்து நேப்பியர் பாலத்தடியில் கரைய வேண்டாம். பருத்திப்பட்டிலும் திருவேற்காட்டிலும் செலவாகட்டும். வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் இந்தப் பகுதி மக்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.