தாமே தேர்ந்து சாப்பிட்ட குழந்தைகள்!

இரண்டு வாய் சாப்பிட்டதும் குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. தாய் விடுவாளா? "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிறாள். பிறகு மிரட்டுகிறாள். சாப்பாட்டு வேளை வந்தாலே சண்டைதான்!

'போதும்' என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? விட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒரு பெண் டாக்டர் விட்டுப் பார்த்தார். அவர் பெயர் கிளாரா டேவிஸ்.

அந்தக் காலத்து டாக்டர்கள், 'இன்ன நேரத்தில் இன்ன உணவு, இத்தனை அவுன்சு' என்று எழுதிக் கொடுப்பார்கள். குழந்தைகளோ வாயை இறுக மூடிக்கொள்ளும்!

டேவிஸ் அம்மையார் 1920-களின் பிற்பகுதியில் தம் சோதனையைத் தொடங்கினார். மொத்தம் 15 குழந்தைகள். சேர்ந்தபோது வயது 6 மாதம் முதல் 11 மாதம் வரை. சில குழந்தைகள் 4½ ஆண்டு வரை அவர் பார்வையில் வளர்ந்தன.

நர்சு பேசக்கூடாது

வேளைதோறும் ஒரு தட்டில் சிறு சிறு கிண்ணங்கள் வரும். பால், முட்டை, ஈரல், மீன், கோதுமை, உருளைக்கிழங்கு, காரட், வாழைப்பழம்... நர்சு கரண்டியுடன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை கை நீட்டினால்தான் ஊட்டலாம். "இதைச் சாப்பிடு" என்று சொல்லக்கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது.

முதல் நாட்களில் வேடிக்கைதான். கரண்டியைக் கடித்தன. தட்டின் விளிம்பைக் கடித்தன. காகிதத்தையும் விடவில்லை!

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி பிடித்தது. காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும் தின்ற குழந்தை உண்டு. இரவில் முட்டை, வாழைப்பழம், பால் என்று வெளுத்துக் கட்டிய குழந்தையும் உண்டு. சில நாட்கள் முட்டை முட்டையென்று இருக்கும். பிறகு அந்த ஆசை அடங்கிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பார்த்தால் தாய் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன.

எலும்பு வலுவிழக்கும் 'ரிக்கெட்ஸ்' நோயுடன் வந்தான் ஒரு பையன். அவன் தட்டில் மட்டும் மீன் எண்ணெயும் வைத்தார்கள். ஒருநாள் குடிப்பான், ஒருநாள் தொடமாட்டான். எலும்பு தேறியது. அப்புறம் அந்த எண்ணெயை அவன் சீந்தவே இல்லை!

சூட்சுமம் எங்கே?

1939-ல் வெளியிட்ட கட்டுரையில் டேவிஸ் அம்மையாரே அதைச் சொல்லிவிட்டார். சூட்சுமம் தட்டில் இருந்தது. அதில் சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை. எதைத் தொட்டாலும் நல்ல உணவு. எதை வைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் வயிறு சொல்வது.

15 குழந்தைகளிடம் கண்டதை வேதவாக்காகக் கொள்ள முடியாதுதான். அந்தத் தட்டில் உப்பும் இருந்தது. ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்பார்கள் இன்றைய டாக்டர்கள். எடை ஏறாத குழந்தையை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். மற்றபடி, ஒரு வேளை இரண்டு வாய் குறைந்தால் குடி முழுகிவிடாது.

சர்க்கரையும் வெள்ளை மாவும் சேர்ந்த பண்டங்களை வைத்து இன்னொரு சோதனை நடத்தவும் டேவிஸ் அம்மையாருக்கு ஆசை இருந்தது. 1930-களில் அமெரிக்காவைப் பணமுடை பிடித்து ஆட்டியது. அந்தச் சோதனை நடக்கவே இல்லை.